சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனம்

புதுப் பங்குச்சாமியின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இஸ்திரியம்மாவுக்கு நெஞ்சு பகீரென்றது.

வழக்கமாக அந்த வாசிப்பை யாரும் காதில் வாங்குவதில்லை. எந்தச் சாமி வந்தாலும் குறிப்பு ஒரே அச்சில் வார்த்ததுபோல்தான் இருக்கும். பக்தியுள்ள குடும்பம், சிறு வயதிலேயே பூசைக்கு உதவிய பிள்ளை, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு குருமடம், குருப்பட்டம், இரண்டொரு பங்குகளில் உதவிச்சாமி, பிறகு தனிப் பங்கு. பங்குப் பேரவைச் செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மைக்கைத் தட்டினாலே பின்வரிசை கொட்டாவி விட ஆரம்பித்துவிடும்.

அன்றைக்குச் செயலாளர் வாசித்தது வேறு மாதிரி இருந்தது.

"நம் தந்தை இளம் வயதில் குருமடம் புகுந்தவர் அல்லர். நடுவயது வரை ஒரு பெரிய அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். கை நிறையச் சம்பளம், முதலாளியின் நம்பிக்கை எல்லாவற்றையும் உதறிவிட்டு, தம்மில் பாதி வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துக் குருவானவர். ஆஸ்பத்திரியிலும் சிறைச்சாலையிலும் ஆன்ம குருவாக உழைத்தவர்..."

அச்சகத்தின் பெயரையும் சொன்னார். சொன்னாரோ இல்லையோ, முன்வரிசையிலிருந்து ஒருவன் துள்ளி எழுந்தான்.

"அட, நம்ம சூப்பர்வைசர் சார்!"

கோயில் காவல்காரன்தான் அது. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஊரே அவனை மூணுவிரலு என்றுதான் கூப்பிடும். அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான். பீடத்துக்கே ஓடிப்போய்ப் புதுச்சாமியின் கையைப் பிடித்து முத்தமிட்டான். "என்னைத் தெரியுதா சாமி? ரத்தம் ஒழுக ஒழுக என்னைத் தூக்கிட்டு ஓடினீங்களே!" சாமியின் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டமோ அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

கடைசி பெஞ்சில் இஸ்திரியம்மா மட்டும் கையைத் தட்டவில்லை. அந்தச் சாமி போட்டிருந்த வெள்ளை அங்கியை முந்தின நாள் அவள்தான் கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பாகத் தேய்த்து அனுப்பியிருந்தாள்.

அவள் நெஞ்சு ஏன் பதறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அது தெரியாவிட்டால் பிறகு அவள் செய்ததெல்லாம் வெறும் பிடிவாதமாகத் தெரியும்.

அவள் புருஷன் அதே அச்சகத்தில் மெக்கானிக். காகிதம் வெட்டுகிற மெஷினில், கத்தி இறங்குகிற இடத்துக்கு முன்னால் ஓர் இரும்புத் தகடு இருக்கும். வேலை செய்கிறவன் கை உள்ளே போகாமல் காப்பதற்கு. தகடு இருந்தால் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஒருநாள் காலையில் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. "தகட்டைக் கழட்டிடுப்பா, சாயங்காலம் மாட்டிக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். மெக்கானிக் மென்று முழுங்கினான், பிறகு கழற்றினான். மத்தியானம் கத்தி இறங்கியது. மெஷினில் நின்ற இளைஞனின் இரண்டு விரல் போயிற்று. அவன்தான் இந்த மூணுவிரலு.

முதலாளி விசாரித்தபோது சூப்பர்வைசர் சொன்னது ஒரே வாக்கியம். "நான் அப்படி எதுவும் சொல்லலை சார்."

அவ்வளவுதான். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் சூப்பர்வைசர், சட்டையெல்லாம் ரத்தம். தகட்டைக் கழற்றியது மெக்கானிக்; கையெல்லாம் கிரீஸ். யார் பேச்சு எடுபடும்? வேலை போயிற்று. எந்த அச்சகத்துப் படியேறினாலும் அவனுக்கு முன்னால் அந்தக் கதை போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பழைய தையல் மெஷின்களை ரிப்பேர் பார்த்துக் காலம் தள்ளினான். பேச்சு குறைந்தது, தூக்கம் குறைந்தது, கடைசியில் மூச்சும் குறைந்து போய்ச் சேர்ந்தான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, சவப்பெட்டி கடந்து போகையில் மூணுவிரலு காறித் துப்பினான். மெக்கானிக்கின் மகள் அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். துப்பியதைப் பார்த்தாள்.

'அவர் சொல்லித்தான் கழட்டினாரு' என்று இஸ்திரியம்மா தெருத்தெருவாகச் சொல்லிப் பார்த்தாள்தான். "பெண்டாட்டி புருஷனை விட்டுக்கொடுப்பாளா?" என்று ஆளாளுக்குச் சிரித்துவிட்டுப் போனார்கள். சொல்ல வேண்டிய வாய் ஒன்றே ஒன்றுதான். அந்த வாய் குருமடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இப்போது அதே வாய் அவள் பங்கிலேயே பூசை வைக்க வந்திருக்கிறது.

வரவேற்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னாள். மகள் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மேலிடத்துல, ஆயர்கிட்டப் போய்ச் சொல்லும்மா."

"அவரு இந்தாளைக் கூப்பிட்டுக் கேப்பாரு. இந்தாளு 'நான் அப்படி எதுவும் சொல்லலை'ம்பாரு. பழகின வாய்தானே?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறேன்."

மகள் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே அம்மாவை முறைத்தாள்.

இஸ்திரியம்மா யோசித்துத்தான் சொன்னாள். பாவங்களைக் கேட்டு மன்னிப்பு வழங்கப் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் உட்கார்ந்த சாமி எழுந்து ஓட முடியாது. யார் வந்து முழந்தாளிட்டாலும் காது கொடுத்தாக வேண்டும். கேட்டதை வெளியே மூச்சு விட முடியாது. யாரிடமும் போய்ப் புலம்ப முடியாது. உலகத்தில் வேறெங்கே கிடைக்கும் இப்படி ஓர் இடம்? எதிராளியின் கையையும் காலையும் கட்டிப் போட்டு, காதை மட்டும் திறந்து வைத்திருக்கிற இடம்!

முதல் சனிக்கிழமை, பெட்டியின் வலைத்தட்டிக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டாள்.

"சாமி, பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும். எனக்கு ஒரே ஒரு பாவந்தான். ஒருத்தர் நாசமாப் போகணும்னு தினமும் வேண்டிக்கிறேன்."

"அவரு உங்களுக்கு என்னம்மா செஞ்சாரு?"

"அவசர ஆர்டர், தகட்டைக் கழட்டுன்னாரு. அப்புறம் முதலாளி முன்னால நான் சொல்லலைன்னாரு. கழட்டின மெக்கானிக் என் புருஷன், சாமி."

சூடு ஏறிவிட்டதா என்று இஸ்திரிப்பெட்டியில் ஈரவிரலை வைத்துப் பார்ப்பாளே, அதுபோல் காத்திருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்று, பிறகு இழுத்துக்கொண்டு வந்தது. ஆகா! சுட்டிருக்கிறது.

அப்புறம் அந்தக் குரல் கேட்டது. "வெறுக்கிறதுக்காக மனசு வருந்தி மனஸ்தாபப்படுறீங்களா?"

"இல்ல சாமி."

"மனஸ்தாபம் இல்லைன்னா நான் மன்னிப்பு குடுக்க முடியாதும்மா."

"தெரியும். அது எனக்கு வேண்டாம். அடுத்த வாரமும் வரேன்."

வந்தாள். வாராவாரம் வந்தாள். ஒரு வாரம், புருஷன் கருவிப் பை இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். ஒரு வாரம், வேலை கேட்டுத் தானே அச்சக வாசலில் போய் நின்றதையும், சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனதையும் சொன்னாள். மூணுவிரலு துப்பியதைச் சொல்ல ஒரு வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட அவளுக்கு என்ன அவசரம்? ஆற அமரத் தேய்த்தாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள், "இந்தம்மாவுக்கு வாரம் பூரா அப்படி என்னதான் பாவம் சேருதோ!" என்று குசுகுசுத்தார்கள்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "நீ பண்றது பாவசங்கீர்த்தனமா, போலீஸ் விசாரணையாம்மா?"

"ரெண்டுந்தான்."

"பாவசங்கீர்த்தனம்ங்கிற தேவதிரவிய அனுமானத்தை, ஒரு புனிதச் சடங்கை, இப்படிப் பண்றது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா?"

"அப்படியா? சரி, வர்ற சனிக்கிழமை அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

சாமி இளைத்தார். யார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் துணி தேய்க்கிறவள் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? அங்கி தோளில் தொங்கியது. இடுப்புக் கயிற்றில் முடிச்சு உள்ளே உள்ளே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணத்தைப் பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இஸ்திரியம்மாவுக்கு அன்றைக்குக் காப்பி கூட இனித்தது. போதாததற்கு, அவருடைய கழுத்துப்பட்டைக்கு மட்டும் கஞ்சியை இரண்டு பங்கு போட்டாள். அது கழுத்தை அறுக்க, அவர் விரலை விட்டு விட்டு நெகிழ்த்துவதைக் கடைசி பெஞ்சில் இருந்து கண்குளிரப் பார்த்தாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வெளியில் எதிர்ப்பட்டால் சாமி கண்ணைத் தாழ்த்துவதில்லை, முகம் சுளிப்பதில்லை. "வாங்கம்மா, துணி வந்துடுச்சா? சந்தோஷம்" என்று எல்லோரிடமும் பேசுவதுபோலவே பேசினார். சனிக்கிழமை என்று ஒரு நாளே வாரத்தில் இல்லாத மாதிரி. கல்நெஞ்சுக்காரர் என்று பல்லைக் கடித்தாள்.

சாமி குருப்பட்டம் வாங்கிய நாளின் ஆண்டு நிறைவு வந்தது. பங்கு மண்டபத்தில் நாற்காலிகள் போட்டார்கள், கேக் வாங்கினார்கள். வாழ்த்துப் பேச மூணுவிரலும் மேடையேறினான். மேடையில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு மடைதிறந்த மாதிரி பேசினான்.

"என் வலது கையை எல்லாரும் பாருங்க. இதுக்கு ரெண்டு பேரு காரணம். ஒருத்தன் தகட்டைக் கழட்டி என் விரலை எடுத்தான். ஒருத்தரு என்னைத் தூக்கிட்டு ஓடி என் உயிரைக் குடுத்தாரு. அந்த ஒருத்தன் போய்ச் சேந்துட்டான். எங்க போயிருப்பான்னு உங்களுக்கே தெரியும். இந்த ஒருத்தரு இதோ உக்காந்திருக்காரு!"

மண்டபமே கைதட்டி அதிர்ந்தது. சுவரோரம் நின்ற இஸ்திரியம்மாவுக்கு உடம்பெல்லாம் காந்தியது. ஆனாலும் ஒரு குரூர சந்தோஷம். வசமாக மாட்டிக்கொண்டார்! இத்தனை சனிக்கிழமை கேட்ட மனுஷன் இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

சாமி எழுந்தார். மைக்கைப் பிடித்தார். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக நேரே அவளைப் பார்த்தார். வாய் திறந்தது.

"எல்லாருக்கும் நன்றி" என்றார். உட்கார்ந்துவிட்டார். கேக்கை வெட்டினார்கள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், தேய்த்த பீடத்துணிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு சக்ரீஸ்துக்குள் புயல்போல் நுழைந்தாள். பீடத்துக்குப் பின்னால், பூசை உடுப்புகள் வைக்கிற அந்தச் சிறு அறையில் சாமி தனியாக இருந்தார்; பாத்திரங்களை அலமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்தாவது வாயைத் திறந்திருக்கலாமே!"

"எதைப் பத்திம்மா?"

"எதைப் பத்தியா? சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து என்ன சொல்றேன்?"

சாமி அலமாரியைப் பூட்டிவிட்டுச் சாவியோடு திரும்பினார்.

"அம்மா, அந்தப் பெட்டியில யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. வெளியில நீங்க எங்கிட்ட எதுவும் சொன்னதில்லை."

திட்டலாம் என்று வாயெடுத்த இஸ்திரியம்மாவுக்குச் சட்டென்று உறைத்தது. அந்தப் பெட்டிக்குள் கேட்டதை வைத்துக்கொண்டு சாமியார் வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது, ஓர் அடி எடுத்து வைக்கக்கூடாது. அவளுக்குத் தெரிந்த சட்டம்தான். அந்தச் சட்டத்தை நம்பித்தானே அங்கே போனாள்? அவரைக் கட்டிப்போடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, ஒளிந்துகொள்ள ஓர் அறை கட்டி, கதவு போட்டு, தாழ்ப்பாளும் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்திருக்கிறாள்! அவர் செய்தது அவருக்கே தெரிந்த சங்கதிதான். சொல்ல மனமிருந்தால் என்றைக்கோ சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு இப்போது அவரிடம் ஒரு புனிதமான காரணம் இருக்கிறது. கொடுத்தது யார்? இவள்தான்.

தன் முட்டாள்தனத்தை நினைத்ததும் கோபம் இன்னும் இரண்டு மடங்காயிற்று. கூடையை மேசைமேல் தொப்பென்று வைத்தாள். சக்ரீஸ்துக் கதவை, இரண்டு பக்கமும் சுவரில் மோதும்படி அகலத் திறந்தாள். வெளியே மூணுவிரலு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஏய் மூணுவிரலு! இங்க வா."

அடக்கத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்கு வேலை இருக்கு."

"உன் விரலைப் பத்தின வேலைதான். வாடா."

வந்தான், முகத்தை ஒரு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு. இஸ்திரியம்மா பட்டப்பகலில், திறந்த கதவுக்கு நடுவில், சாமியின் முகத்துக்கு நேராக நின்றாள். இங்கே வலைத்தட்டியும் இல்லை, முழந்தாளும் இல்லை.

"சாமி, நான் இப்ப வெளியில நின்னு சொல்றேன். இந்த ஆளு சாட்சி. நான் அந்த மெக்கானிக்கோட பெண்டாட்டி. அன்னைக்குக் காலையில தகட்டைக் கழட்டச் சொன்னது யாரு? இப்ப உங்களைக் கட்டுறது எதுவுமில்லை. சொல்லுங்க."

சாமி அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டார். சாவியைக் கீழே வைத்தார்.

"நான்தான்."

மூணுவிரலு சிரித்தான். "சாமி சும்மா சொல்றாரு. இந்தம்மா அழுவுறதைப் பாத்து மனசு இளகிட்டாரு."

"அவங்க அழலையேப்பா" என்றார் சாமி. "நான்தான் கழட்டச் சொன்னேன். மெக்கானிக் வேண்டாம் சார்னு சொன்னான். நான் அதட்டினேன். அப்புறம் முதலாளிகிட்ட நான் சொல்லவேயில்லைன்னேன்."

"அப்ப... என்னைத் தூக்கிட்டு ஓடினது?"

"அதுவும் நான்தான். முதலாளிகிட்ட என்ன சொல்லலாம்னு யோசிச்சுட்டேதான் ஓடினேன்."

மூணுவிரலின் சிரிப்பு முகத்திலேயே அப்படியே காய்ந்துபோய் நின்றது. வந்த நாளிலிருந்து பார்க்கும்போதெல்லாம் சாமியின் கையைப் பிடித்து முத்தமிட்டவன் அவன். தன் வலது கையை இப்போது மெல்லச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டான், அதை யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. வெளியே போனான்.

இத்தனை வருஷம் அவள் ஆசைப்பட்ட கணம் அதுதான். நன்றாகத்தான் இருந்தது; பொய் சொல்வானேன்?

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றார் சாமி. "நீங்க... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பேசக்கூடாதுன்னு ஒரு கட்டு இருந்தா கோழைக்கு அதைவிட நிம்மதி வேற இல்லை."

"மன்னிப்பை நான் எடுத்துட்டு வரலை. அதை எங்கிட்டத் தேடாதீங்க. ஞாயித்துக்கிழமை பெரிய பூசையில, மைக்குல சொல்லுங்க. அவ்வளவுதான் கணக்கு."

"சொல்றேன்."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "ஒண்ணு கேக்கணும். குருமடத்துக்கு ஏன் போனீங்க? கடவுள் அழைப்பா, பயமா?"

"மொதல்ல பயம். அந்த மெஷின் சத்தம் கேக்காத இடமா வேணும்னு போனேன். சின்னப் பசங்க 'அண்ணே, அண்ணே'ன்னு என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிறவங்க கையைப் பிடிச்சுட்டு உக்காந்தப்பதான் அழைப்பு வந்துச்சு. வரலைன்னு சொன்னா அதுவும் பொய்யாயிடும்."

"வந்ததோ வரலையோ, அது உங்களுக்கும் கடவுளுக்கும்" என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையோடு வெளியே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னார். பிரசங்கத்தை விட்டுவிட்டு, மெக்கானிக்கின் முழுப் பெயரைச் சொல்லி, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னார். மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சாமி பீடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிராமல் நின்றார். பூசை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பெண்கள் இஸ்திரியம்மாவை வழிமறித்தார்கள்.

"ஒரு நல்ல சாமியை இப்படிக் கூனிக்குறுக வெச்சிட்டியே, இப்ப திருப்தியா?"

"திருப்திதான்" என்றாள். கேட்டவர்கள் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

ஆயர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் கவனிக்கிற இல்லம் ஒன்றுக்குப் போகச் சொல்லிவிட்டதாகப் பேச்சு. ஒரே ஒரு பெட்டியோடு அவர் கிளம்பியபோது இஸ்திரியம்மா கடையில் வேலையாக இருந்தாள். எட்டிப் பார்க்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் மூணுவிரலு வந்தான்.

இஸ்திரிக்கடை வாசலில், நல்ல உச்சி வெயிலில் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். "அக்கா" என்றான்.

இஸ்திரியம்மா நிமிரவில்லை. எதிரில் துணி மலைபோல் குவிந்திருந்தது. ஒரு சட்டையை எடுத்து விரித்தாள், தண்ணீர் தெளித்தாள். நிற்கட்டும்.

பால்காரன் சைக்கிளை நிறுத்தினான். "என்னப்பா, கோயிலை விட்டுட்டு இங்க நிக்கிற?"

மூணுவிரலு நெளிந்தான். "அக்காகிட்டப் பேசணும். மெக்கானிக் அண்ணன் மேல தப்பு இல்லை. நான்தான் தெரியாம..."

"அப்படியா சங்கதி!" என்று பால்காரன் போனான்.

அடுத்து, பக்கத்துத் தெரு டீச்சர் குடையோடு வந்தாள். "என்ன இங்க? வெயில்ல மண்டை வெடிச்சிடப்போகுது."

"மெக்கானிக் அண்ணன் மேல தப்பே இல்லை டீச்சர். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே இஸ்திரியம்மாவின் கை ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. இத்தனை வருஷம் இந்தத் தெரு கேட்காத வாக்கியம். அதுவும் யார் வாயிலிருந்து! பாங்கு வாட்ச்மேன் கேட்டான், சொன்னான். காய்கறி வண்டிக்காரி கேட்டாள். அவளுக்குக் காது மந்தம், இரண்டு தரம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, வேர்க்க விறுவிறுக்க, ஒவ்வொருவரிடமும் சொன்னான். முதலில் முனகலாக வந்தது போகப் போகத் தெளிவாக, முழு வாக்கியமாக வந்தது.

துணி மலை கரைந்தது. கடைசித் துண்டும் மடிந்து அடுக்கில் ஏறிவிட்டது.

"அக்கா, முடிஞ்சுதா?" என்றான் மூணுவிரலு, பரிதாபமாக.

தெருமுனையில் மருந்துக்கடைக்காரர் வருவது தெரிந்தது. ஊர்க்கதையெல்லாம் அவர் கடையில்தான் பிரித்து மேய்வார்கள். இஸ்திரியம்மா அடுக்கின் மேலிருந்து, தேய்த்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்து உதறி விரித்தாள். தாராளமாகத் தண்ணீர் தெளித்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். "நில்லு."